மலை வலது பக்கம்

நானும் என் மச்சானும் சேர்ந்து போட்ட சைக்கிள் பாதைகள் எல்லாவற்றிலும் மலை வலது பக்கம்தான் இருக்கும். ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, மலை ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிற இடத்தில் போனாலும் சரி, அது வலது தோளுக்கு அந்தப் பக்கம்தான். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. திருவண்ணாமலையில் பிறந்தவனிடம் ஒரு சுற்று வரையச் சொன்னால் அவன் கை தானாக வலமாகத்தான் போகும். இத்தனைக்கும் அடி அண்ணாமலைக்காரர்கள் டவுனுக்கு வரும்போது எது கிட்டமோ அந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள். பால் வண்டி, ஸ்கூல் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. அதற்கெல்லாம் தோஷம் கிடையாது. ‘சுற்று’ என்று பெயர் வைத்துவிட்டால்தான் வம்பு.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு மனிதர் தன் கண் பார்வை போய்க்கொண்டிருப்பதை ஒரு வருஷத்துக்கு மேல் மறைக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மறைத்தவர் என் மச்சான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருக்குப் பின்னால் சைக்கிள் ஓட்டியவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் அந்தச் சோற்றைப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்கு வீடு. கீழே அவரும் குடும்பமும், மேலே ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகை அறைகள். குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள், மற்ற மாதங்களில் சென்னை, பெங்களூர்க்காரர்கள். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். என் மனைவி வீட்டிலேயே கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோர்க்கிற வேலை. சைக்கிள் அவளுக்குப் பிடிக்காது. ‘இருக்கிற வேலைய பாக்காம கல்லு மேல போயி உருண்டுனு வர்றீங்க’ என்பாள்.

வருஷா வருஷம் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்காரர், இனி வர முடியாது என்று சொல்லிவிட்டு, தன் சைக்கிளை மச்சானிடம் விட்டுப் போனார். அதிலிருந்துதான் இது தொடங்கியது. கிராவல் பைக் என்று அதற்குப் பெயர். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் மட்டும் தடிமன். தார் ரோட்டுக்கும் மலையேற்றத்துக்கும் நடுவில் கிடக்கிற மண் பாதைகளுக்கென்றே செய்தது. மச்சான் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, எனக்கும் பழசு ஒன்றை பெங்களூரிலிருந்து வரவழைத்தார். ‘மாப்ள, இத்தினி நாளு நாம ஓட்னது சைக்கிளே இல்ல’ என்றார்.

அப்படிப்பட்ட பாதைக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. கப்பி கொட்டிவிட்டுத் தார் போட மறந்த ரோடுகள், ஏரிக்கரைகள், காட்டு ஓரத்து வண்டித் தடங்கள், குவாரிக்குப் போகிற லாரிப் பாதைகள். ஊர்க்காரர்கள் திட்டித் தீர்க்கிற ரோட்டை நாங்கள் தேடிக்கொண்டு போவோம். ஒருமுறை வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை நிறுத்தி, ‘நல்ல ரோடு அந்தாண்ட போவுது சார், வழி தவறிட்டீங்களா?’ என்று கேட்டார். இல்லை, வேண்டுமென்றேதான் வந்தோம் என்றேன். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

மேலே தங்குகிறவர்கள் கேள்விப்பட்டு, எங்களோடு வர ஆரம்பித்தார்கள். பெங்களூர்க்காரர்கள் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். மச்சான் முன்னால் போவார். நடுவில் விருந்தாளிகள். கடைசியில் நான், பஞ்சர் சாமான்களோடு. மச்சான் முன்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே போவார். ‘மணல்!’ ‘முள்ளு, ரைட்ல வாங்க!’ ‘பள்ளம்!’ இரண்டு நாளில் வெள்ளைக்காரர்கள்கூட ‘மனல், மனல்’ என்று கத்தக் கற்றுக்கொள்வார்கள். ஆட்களைக் கூட்டிப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் தனியாகப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவார். எங்கே புதிதாக வேலிமுள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எங்கே டிராக்டர் போய்ச் சேறாகிவிட்டது என்று தெரிந்துகொள்ள. அப்பேர்ப்பட்ட பொறுப்பு என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும்தான்.

இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் ஊர்க் குன்றுகள் சுண்ணாம்பால் ஆனவை என்றார். உயரமாக இருக்காதாம். வழித்துவிட்ட மாவு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே போகுமாம். பாதை வெள்ளை வெளேரென்று கிடக்குமாம், மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்குமாம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு மச்சான், ‘அப்ப வெத்தல பாக்கு எடுத்துனு போனா போதும்னு சொல்லு’ என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் விட்டுவிட்டேன். எங்களுக்கும் ஒரு வெள்ளை ரோடு உண்டு என்று அவரை கிரஷர் பக்கமாகக் கூட்டிப் போனோம். கல் உடைக்கிற தூசி படிந்து அரை கிலோமீட்டருக்குப் புளியமரங்கள்கூட வெள்ளையாக நிற்கும். அவர் இறங்கி நின்று பார்த்தார். ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல. எனக்கு இருமல்தான் வந்தது.

அவர்தான் கேட்டார், நாளைக்கு இதே பாதையைத் திருப்பி ஓட்டலாமா, எதிர்த்திசையில் போனால் வேறு பாதை மாதிரி இருக்குமே என்று. நானும் மச்சானும் ஒரே நேரத்தில் கூடாது என்றோம். காரணம் கேட்டார். மச்சான் மலையைக் காட்டி, ‘சாமிய இடது பக்கம் வெச்சி போவக் கூடாதுங்க’ என்றார். நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த மனிதர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். இந்த ஊரில் வெள்ளைக்காரர்கள் எதற்கும் கைகூப்பிவிடுவார்கள்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. மச்சான் அப்படியொன்றும் பக்திமான் அல்ல. பௌர்ணமிக்கு ஊரே நடக்கும்போது, அறை வாடகைக்குப் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவர். தீபத்துக்கு மொட்டை மாடியில் ஏறி ஒரு கும்பிடு, அவ்வளவுதான். அந்த ஆள் சைக்கிள் விஷயத்தில் மட்டும் ஏன் இத்தனை ஆசாரம் பார்க்கிறார் என்று நான் யோசித்திருக்கலாம். எனக்கும் அதே பழக்கம் இருந்ததால் அது பழக்கமாகவே தெரிந்தது.

தை மாசத்தில் எங்கள் பக்கம் கொள்ளு அறுத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் டயர் ஏறி மணி உதிரும். காசு செலவில்லாத போரடிப்பு. பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே அதன் மேல் ஏற்றுவார்கள். சைக்கிளுக்கு அது ஆகாது, சக்கரம் வழுக்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் சாயங்காலம் இல்லாத கொள்ளு காலையில் இருந்தது. மச்சான் வேகம் குறைக்காமல் நேராக அதன் மேல் ஏறி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். முறத்தோடு நின்ற அம்மாள், ‘கண்ணு தெரில உனக்கு? இத்தினி அகலத்துக்குப் போட்டு வெச்சிக்கிறேன்!’ என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ‘யானைக்கும் அடி சறுக்கும் மச்சான்’ என்றேன் நான். எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் மச்சான்தான். பிறகு குனிந்து, சிதறின கொள்ளை அந்த அம்மாளோடு சேர்ந்து கையால் கூட்டித் தள்ளிக்கொடுத்தார்.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. அறைகள் காலி. விருந்தாளி யாரும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு காலையில் கிளம்பினோம். அடி அண்ணாமலை தாண்டி, கொல்லைகளுக்கு நடுவே மண் ரோட்டில் போய், ஒரு பெரிய ஏரிக்கரையில் ஏறினோம். கரையின் மேல் ஒரு வண்டி போகிற அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பச்சை நெல். முக்கால் கரை போனதும் மச்சான் நிறுத்தினார். முன்னால் ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. அதாவது நிரம்பி, கரையில் அதற்கென்று கட்டிவிட்ட தாழ்வான இடத்தின் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்கு இழுப்பு. பத்துப் பேர் பிளாஸ்டிக் கூடையோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போகலாம் என்றேன். மச்சான் அசையவில்லை.

‘கொஞ்ச நேரம் பாக்கலாம், தண்ணி கம்மியாவும்.’

‘இன்னும் மூணு நாளைக்குக் கம்மியாவாது. மேல இருக்கிற ஏரியும் ரொம்பிடுச்சாம், அந்தப் பசங்க சொல்றாங்க.’

‘மலைய இடது பக்கம் வெச்சி போவணும் மாப்ள.’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழை தூற ஆரம்பித்திருந்தது. ‘அண்ணாமலையாரு ஒண்ணும் நினைச்சிக்க மாட்டாரு. எதுனா ஆச்சின்னா என் கணக்குல எழுதிக்கட்டும், வா’ என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பினார். திருப்பியபின், ‘நீ முன்னால போ’ என்றார். பல வருஷங்களில் அவர் எனக்குப் பின்னால் வந்தது அதுதான் முதல் தடவை. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கரை ஒரு இடத்தில் லேசாக வளையும். வளைவில் நான் திரும்பினேன். பின்னால் ஏதோ சரிகிற சத்தம், கிளைகள் முறிகிற சத்தம். நிறுத்திப் பார்த்தால் கரை மேல் யாரும் இல்லை. மச்சான் வளைவில் திரும்பாமல் நேராகச் சரிவில் இறங்கி, தண்ணீரை ஒட்டி மண்டியிருந்த காட்டாமணக்குப் புதரில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டிருந்தார். புதர் இல்லாவிட்டால் ஏரிதான். முகவாயில் வெட்டு. ரத்தம் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய், முதலில் அவரையும் பிறகு சைக்கிளையும் மேலே இழுத்தேன். என் துண்டை மடித்துக் கொடுத்தேன். முகவாயில் அழுத்திக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

‘இன்னா மச்சான், வளைவு தெரிலயா?’

துண்டைத் திருப்பி மடித்து மறுபடியும் அழுத்திக்கொண்டார்.

‘வாயில இன்னா கொழுக்கட்டயா?’

‘தெரில மாப்ள’ என்றார். ‘நெஜமா தெரில.’

பிறகு சொன்னார். நேராக இருப்பது நன்றாகத் தெரிகிறது. பேப்பர் படிக்கிறார், ஊசியில் நூல்கூடக் கோர்ப்பார். ஆனால் பக்கத்தில் எதுவும் இல்லை. கறுப்பாகவும் இல்லை, வெறுமனே இல்லை. காலடியிலும் இல்லை. படிக்கிற கண்ணாடி வாங்கப் போன இடத்தில் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். கிளாக்கோமா என்று சொன்னார்கள். போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்து போட்டால் இருக்கிறது நிற்கும். இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மருந்து பாட்டிலை அறைகளின் சாவி மாட்டுகிற பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் போட்டுவந்தார்.

‘அப்ப எப்பிடி முன்னால போன? மணல், பள்ளம்னு எப்பிடி சொன்ன?’

‘மனப்பாடம்தான்’ என்றார். ‘முந்தின நாளு மெதுவாப் போயி, எறங்கி எறங்கி, தலைய இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பாத்துனு வருவேன். ஒவ்வொரு கல்லும் தெரியும். இந்தாண்டலேர்ந்து அந்தாண்ட போனாதான் தெரியும். திருப்பி வந்தா எனக்கு இது வேற ஊரு.’

ஆக, சாமியை இடது பக்கம் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அதற்காகத்தான். ஊர் வழக்கம் அவருக்கு வசதியாக வாய்த்தது. எதிர்த்திசையில் போகலாம் என்று இந்த ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்பவன் வெளியூர்க்காரன், அவனுக்கு மலையைக் காட்டினால் போதும்.

எனக்கு முதலில் பயம்தான் வந்தது. இவர் பின்னால் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு லாரி வருகிற குவாரி ரோட்டைக் கடந்திருக்கிறோம் என்று. அதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ‘முன்னால போறவனுக்கே கண்ணு தெரிலன்னா பின்னால எவன் வருவான்? சொன்னா சைக்கிள் போயிடும். ஸ்கூட்டர் போயிடும். அப்பறம் சந்துல நாற்காலி போட்டு உக்காந்துனு இருக்கணும்.’ பிறகு, ‘தங்கச்சிக்கு மட்டும் சொல்லாத’ என்றார்.

ஏன் அவளுக்கு மட்டும் என்று கேட்டேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிவந்து காட்டச் சொன்னாராம் டாக்டர். ரத்தத்தில் வருகிற வியாதியாம். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் பார்வையைக் காப்பாற்றிவிடலாமாம்.

‘எப்ப சொன்னாரு?’

‘அப்பவே.’

அவர்களின் அப்பா கடைசி காலத்தில் வாசற்படி, கட்டில் கால், மாடு எல்லாவற்றிலும் இடித்துக்கொள்வார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கு அந்தக் கரையில் நின்றபோதுதான் வேறு மாதிரி புரிந்தது. என் மனைவி பகல் முழுக்க ஆரிச் சட்டத்தில் குனிந்து, கண்ணால் சம்பாதிக்கிறவள். நான் மச்சானை அடிக்காமல் இருந்ததற்குக் காரணம் அவர் முகத்தில் ஏற்கெனவே ரத்தம் இருந்ததுதான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினோம். கரை முடிகிறவரை நான் அவர் இடது பக்கத்தில் நடந்தேன். ஆஸ்பத்திரியில் முகவாய்க்குத் தையல் போடவைத்து அவரை வீட்டில் விட்டேன். மறுபடியும், ‘சொல்லாத மாப்ள’ என்றார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஊசியைச் சட்டத்தில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ‘எந்தக் கண்ணு?’ என்றாள். இரண்டும் என்றேன். எழுந்து போய், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்கு முன்னால் நின்று, ஒரு உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அப்படியெல்லாம் அது தெரியாது, மிஷினில்தான் தெரியும் என்றேன். ‘நாளைக்கே போலாம்’ என்றாள். பிறகு, ‘அவனையும் கூட்டினு வா’ என்றாள். அதுவரை அவள் அண்ணனை ‘அவன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். முகவாயைத் தாங்க ஒரு பட்டை. ஒரு கண்ணை மூடிவிடுகிறார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் அங்கொன்று இங்கொன்றாகச் சின்ன வெளிச்சம் வந்து போகும். வெளிச்சம் தெரியும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் சத்தம் கேட்டது. டிக், டிக். கொஞ்ச நேரம் சத்தம் வராது. வெளிச்சம் வரவில்லையா, வந்தும் இவளுக்குத் தெரியவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன். பக்கத்தில் தையல் போட்ட முகவாயோடு உட்கார்ந்திருந்த மச்சான், ‘கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கும் இருந்தது. இடது கண்ணில் மேல் ஓரத்தில் கொஞ்சம் போயிருந்தது. வலது கண் சரியாக இருந்தது. தினமும் மருந்து போட வேண்டும், விடாமல் வந்து காட்ட வேண்டும், வேலை செய்யலாம் என்றார் டாக்டர். பிறகு மச்சானின் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, ‘போன வருஷமே கூட்டிட்டு வரச் சொன்னேனே. முன்னாடியே வந்திருந்தா இந்தக் கொஞ்சமும் போயிருக்காதோ என்னவோ’ என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. வேறு நோயாளியின் சீட்டு ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் ஒரே சீட்டில். நான் பின் சீட்டில். வெகுநேரம் கழித்து அவள் பேசினாள். சத்தம் போடவில்லை.

‘உனக்கு சைக்கிள் போயிடும்னு பயம். எனக்குக் கண்ணு போனா?’

மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஊர் வந்ததும் இறங்கி, அவர் வீட்டுக்கே நேராகப் போய், அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஆட்களை நான் கூட்டிப் போனேன். முன்னால் போவது எனக்குச் சரிவரவில்லை. கத்த மறந்துவிடுவேன். ஒருவர் மணலில் போய் விழுந்த பிறகுதான் ‘மணல்’ என்பேன். யாராவது எதிர்த்திசையில் போகலாமா என்று கேட்டால் போகலாம் என்றேன். போயும் பார்த்தேன். உண்மையிலேயே வேறு ஊர் மாதிரிதான் இருக்கிறது. இறங்கி வந்த இடமெல்லாம் மூச்சு வாங்குகிறது, ஒருநாளும் கண்ணில் படாத ஒரு சின்ன ஐயனார் கோயில் புளியமரத்துக்குப் பின்னால் இருக்கிறது. மலை இடது பக்கம் வந்தது. எதுவும் நடக்கவில்லை. இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது மறுபடியும் வலமாகத்தான் போகிறேன்.

மச்சான் சைக்கிளை விற்றுவிட்டார். மேலே தங்கியிருந்த பெங்களூர்ப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். அவர் இப்போது சாயங்காலங்களில் கிரிவலப் பாதையில் நடக்கிறார். அங்கே நடைபாதை சமமாக இருக்கிறது, எதிரில் யாரும் வருவதில்லை என்கிறார்.

தங்கை அவரோடு பேசவில்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தார், வாங்கி வைத்தாள், காபி கொடுத்தாள், பேசவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் செய்தாள். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு, கண்ணுக்கு மருந்து போடுகிற நேரத்தில், அவருக்கு போன் போடுவாள். கையில் ஊசி இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டிருப்பாள்.

‘போட்டியா?’

‘போட்டேன்.’

உடனே வைத்துவிடுவாள். மாசக்கணக்கில் அவர்களுக்குள் பேச்சு இதுதான். ஒருநாள்கூட இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் நடுவில் புகவில்லை. எனக்கே அவர் மேல் இருந்த கோபம் முழுதாகத் தீரவில்லை.

வைகாசியில் முகூர்த்தங்கள் ஜாஸ்தி. அவளுக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் மறுநாளே கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் போன் போட்டாள். போட்டியா என்றாள், போட்டேன் என்றார். அவள் வைப்பதற்காகக் கையை நீட்டும்போது அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் குரல் வந்தது.

‘நீ போட்டியா?’

அவள் கை நின்றது. அன்றைக்கு அவள் போடவில்லை. வேலை அவசரத்தில் மறந்துவிட்டாள். பொய் சொல்லியிருக்கலாம்.

‘இல்ல’ என்றாள்.

‘போடு. நான் இருக்கேன்.’

அவள் ஊசியை வைத்தாள். பாட்டிலை எடுத்துவந்து, நாற்காலியில் சாய்ந்து தலையைத் தூக்கி, இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டாள். போட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டின ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்படியே இருந்தாள். போன் திறந்தே இருந்தது. அந்தப் பக்கம் சந்தில் ஒரு ஆட்டோ போகிற சத்தம் கேட்டது, பிறகு மச்சான் மூச்சு விடுகிற சத்தம் மட்டும். அவர் ஒன்றும் பேசவில்லை, வைக்கவும் இல்லை.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்.

‘போட்டுட்டேன்ணா.’